பீஸ் போச்சா? அந்தப் பெட்டிக்குள் யார் யார் இருக்கிறார்கள், தெரியுமா?

ராத்திரி எட்டு மணி. அடுப்படியில் மிக்ஸி, கூடத்தில் டிவி, உள்ளறையில் இஸ்திரிப் பெட்டி. 'டப்' என்று ஒரு சத்தம், வீடே இருட்டு. "எதிர் வீட்ல இருக்கா பாரு" என்று அம்மா குரல் கொடுப்பாள். எதிர் வீட்டிலும் இல்லையென்றால் நிம்மதி, அது ஈ.பி.காரர் பாடு. எதிர் வீட்டில் விளக்கு எரிந்தால் அப்பா முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டு, ஃபியூஸ் கம்பி சுற்றிய அட்டையை எடுப்பார். நான் டார்ச் பிடிப்பேன். அவர் நாற்காலி மேல் ஏறி, வெள்ளைப் பீங்கான் கட்டையை உருவி, கருகிய இடத்தை ஊதித் துடைத்து, புதுக் கம்பி கட்டித் திரும்பச் செருகுவார். வெளிச்சம் வந்துவிடும். எங்கள் வீட்டில் நாற்பது வருஷம் நடந்த சடங்கு இது.

போன மாதம் அந்தக் கட்டைகளையெல்லாம் கழற்றிவிட்டு டிபி பாக்ஸ் வைத்தோம். ஒரு ஒயர்மேன், உதவிக்கு ஒரு பையன், இரண்டு நாள் வேலை. பக்கத்திலேயே நின்று கேள்வி கேட்டு அந்த மனிதரை நான் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அவர் சொன்னது பாதி, பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டது பாதி. எல்லாம் சேர்ந்தபோது தலை சுற்றிவிட்டது! வாசலுக்கு மேலே சாதுவாகத் தொங்குகிற அந்தப் பெட்டிக்குள் இரண்டு கடிகாரக்காரர்கள் இருக்கிறார்கள், ஒரு தங்கச் சுரங்கம் இருக்கிறது, நடுக்கடல் இருக்கிறது, ஒரு நோபல் பரிசுகூட இருக்கிறது. நம்ப முடியவில்லையா? வாருங்கள்.

முதலில் ஒன்று. வீட்டில் பல்பு எரிவதற்கு முன்பே ஃபியூஸ் பிறந்துவிட்டது, தெரியுமா? எடிசன் பல்பை எரிய வைத்தது 1879இல். அதற்கு 32 வருஷம் முன்னால், 1847இல், பிரான்சில் லூயி பிரெகே என்பவர் ஒரு யோசனை சொன்னார். தந்திக் கம்பிகளில் இடி விழுந்தால் தந்தி நிலையத்துக் கருவிகள் கருகிப்போகின்றன. நிலையத்துக்குள் நுழையும் இடத்தில் மட்டும் கம்பியை மெல்லியதாக்கி வைத்தால் என்ன? இடி விழுந்தால் மெல்லிய கம்பி உருகி அறுந்துவிடும், உள்ளே இருப்பவை பிழைத்துவிடும். அவ்வளவுதான், ஃபியூஸ்! இந்தப் பிரெகே யார்? உலகப் புகழ்பெற்ற கடிகாரக்காரரான ஆபிரகாம் லூயி பிரெகேயின் பேரன். முதல் கடிகாரக்காரர் வந்துவிட்டார். எடிசன் 1880இல் அதே யோசனையை விளக்குக் கம்பிகளுக்காகக் காப்புரிமை ஆக்கிக்கொண்டார்.

ஃபியூஸ் என்ற பெயருக்குள் ஒரு வேடிக்கை. வெடிக்குத் திரியாக வைக்கிறார்களே, அதற்கும் ஆங்கிலத்தில் ஃபியூஸ்தான். ஆனால் இரண்டும் ஒட்டுறவு இல்லாத சொற்கள். வெடித்திரி, நூல் நூற்கும் கதிரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் வீட்டு ஃபியூஸ், உருக்கி வார்ப்பதைக் குறிக்கும் வேறொரு சொல்லின் வழி வந்தது. தமிழில் 'மின் உருகி' என்று பெயர் வைத்தவர் சரியான வம்சாவளியைப் பிடித்திருக்கிறார். நாமோ அதைப் 'பீஸ்' ஆக்கி, உலகத்தில் யாரும் போகாத தூரத்துக்குக் கொண்டுபோய்விட்டோம். ஃபியூஸே இல்லாத பல்பும் நம்மிடம் 'பீஸ் போகும்'. ஓய்ந்த மனிதன் 'பீஸ் போன பல்பு'. பதவி பறிபோனவருக்குப் 'பீசைப் பிடுங்கிவிட்டார்கள்'. இந்தக் கடைசிச் சொல் மட்டும் ஆகுபெயரே அல்ல. பில் கட்டாத வீட்டுக்கு லைன்மேன் வந்து கட்டையை உருவிக்கொண்டு போன காலத்தின் நேரடி வரலாறு.

சரி, ஒரு கணக்கு. ஃபியூஸ் கம்பியின் குறுக்களவை இரண்டு மடங்காக்கினால், அது தாங்கும் மின்னோட்டமும் இரண்டு மடங்காகும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! ஏறக்குறைய மூன்று மடங்கு, துல்லியமாகச் சொன்னால் 2.83 மடங்கு. பிரிட்டிஷ் தபால் துறையில் பொறியாளராக இருந்த வில்லியம் பிரீஸ் 1880களில் கம்பி கம்பியாக உருக்கிப் பார்த்துக் கண்ட விதி இது. ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் கம்பி கட்டினால் அது 15 ஆம்பியர் ஃபியூஸ். 0.2 மில்லிமீட்டர் கட்டினால் 5 ஆம்பியர்.

இப்போது உங்கள் பழைய டேபிள் ஃபேன் ஒயரை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர்கள் '14/36' என்று சொல்கிற வளையும் ஒயர். அப்படியென்றால் 36ஆம் கேஜில் 14 இழை. ஒரு இழையின் குறுக்களவு என்ன தெரியுமா? 0.19 மில்லிமீட்டர்! அதாவது 5 ஆம்பியர் ஃபியூஸ் கம்பிக்குக் கிட்டத்தட்ட சமம். அட்டையில் கம்பி தீர்ந்துபோன ராத்திரிகளில் அப்பா பழைய ஒயரிலிருந்து ஒரே ஒரு இழையை உருவிக் கட்டுவார். அவர் செய்தது முழுக்கத் தப்பில்லை. "அடிக்கடி போகுதே" என்று இரண்டாவது, மூன்றாவது இழையை முறுக்கிச் சேர்த்தாரே, அங்கேதான் வில்லங்கம். 14 இழையையும் சேர்த்து முறுக்கிக் கட்டிப் பாருங்கள். 40 ஆம்பியர் ஓடினாலும் அது அசையாது. அதற்குள் சுவருக்குள் இருக்கிற ஒயரின் பி.வி.சி. உறை இளகியிருக்கும். 70 டிகிரிக்கு மேல் அந்த உறை சூடாகக் கூடாது. செம்பு உருகுவதோ 1085 டிகிரியில்!

நாம் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் திருகு ஃபியூஸ் போனால் அதன் பின்னால் ஒரு சென்ட் செப்புக் காசைச் செருகி வைப்பார்களாம். காசு உருகினால்தான் விளக்கு அணையும். அந்த நேரத்தில் வீடே அணைக்க வேண்டிய நிலையில் இருக்கும். நம் ஊரில் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதம். கொண்டை ஊசி போட்ட ஒரு வீட்டையும் எங்கள் ஒயர்மேன் பார்த்திருக்கிறார். கழற்றும்போது அது நீலமாகப் பழுத்திருந்ததாம்.

சரியான கம்பியே கட்டியிருந்தாலும் ஒரு சங்கதி. '15 ஆம்பியர்' ஃபியூஸ் 15 ஆம்பியரில் போகாது, தெரியுமா? 16இலும் போகாது, 20இலும் போகாது. கம்பி கட்டுகிற வகைக் கட்டைகள், எழுதியிருக்கும் அளவுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தால்தான் நிச்சயமாக உருகும். 15 என்று நம்பி 30 வரைக்கும் காத்திருந்திருக்கிறோம். புதுப் பெட்டியில் கட்டைக்குப் பதிலாக வரும் எம்.சி.பி. என்ற சுவிட்ச் அப்படி அல்ல. விதிப்படி, எழுதிய அளவைப் போல 1.13 மடங்கில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 18இல் பொறுத்துக்கொள்ளும், 23ஐத் தாண்டினால் நாள் எண்ணும்.

பழைய பலகைகளில் இன்னும் ஒரு பயங்கரம் உண்டு. பேஸுக்கு ஒரு கட்டை, நியூட்ரலுக்கு ஒரு கட்டை என்று ஜோடியாக வைத்திருப்பார்கள். பார்க்க இரட்டைப் பாதுகாப்பு. நடப்பது என்ன? நியூட்ரல் கட்டை முதலில் உருகிவிட்டால் விளக்கு அணைந்துவிடும், ஃபேன் நின்றுவிடும், "கரண்ட் இல்லை" என்று நாம் கையை வைப்போம். பேஸ் அங்கேயே உயிரோடு உட்கார்ந்திருக்கும்! நியூட்ரலில் தனியாக ஃபியூஸ் கூடாது என்று 1956இன் இந்திய மின்சார விதிகளிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டுப் பலகை அதற்கு வெகுகாலம் பிந்தியது, ஆனாலும் அதில் ஜோடிக் கட்டைதான் இருந்தது. விதி டில்லியில் எழுதப்பட்டது, பலகை எங்கள் ஊர்த் தச்சர் செய்தது.

இனி புதுப் பெட்டி. எம்.சி.பி. ஒன்றின் அகலம் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு தீப்பெட்டியின் கனம். உள்ளே இருக்கிற இரண்டாவது கடிகாரக்காரரைப் பார்க்க வேண்டுமா? பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்தின் ஜான் ஹாரிசன். நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று அறியத் துல்லியமான கடிகாரம் தேவைப்பட்டது. குளிரில் ஒரு வேகம், வெயிலில் ஒரு வேகம் ஓடும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கடலில் என்ன செய்வது? ஹாரிசன் பித்தளைத் தகட்டையும் எஃகுத் தகட்டையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து ஒரே பட்டையாக்கினார். சூடானால் பித்தளை அதிகம் நீளும், எஃகு குறைவாக நீளும், பட்டை ஒரு பக்கமாக வளையும். அந்த வளைவை வைத்தே கடிகாரத்தைத் திருத்தினார். அந்தப் பட்டை இடம்பெற்ற அவருடைய மூன்றாவது கடல் கடிகாரம் முடிய 19 வருஷம் ஆனது. அதே ஈருலோகப் பட்டைதான் உங்கள் எம்.சி.பி.க்குள் இருக்கிறது! அளவுக்கு மிஞ்சி மின்சாரம் ஓடினால் பட்டை சூடாகி வளைந்து கொக்கியைத் தட்டிவிடும். உங்கள் இஸ்திரிப் பெட்டி தானாக அணைந்து எரிகிறதே, அதுவும் அவர் கைவேலைதான். இன்றைய பட்டைகளில் நீளாத பக்கத்துக்கு இன்வார் என்ற இரும்பு நிக்கல் கலவையைப் போடுவதுண்டு. சூட்டில் ஏறக்குறைய நீளவே நீளாத உலோகம். 1896இல் அதைக் கண்டுபிடித்த சார்ல் கியோமுக்கு 1920இல் இயற்பியல் நோபல். வாசல் மேலே நோபல் பரிசு!

ஆனால் பட்டை சூடாவதற்கு நேரம் பிடிக்கும். இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆகும்போது அவ்வளவு நேரம் இல்லை. அதற்காக உள்ளே ஒரு செப்புச் சுருள். நூற்றுக்கணக்கில் ஆம்பியர் பாய்ந்த கணத்தில் சுருள் காந்தமாகி, நடுவில் இருக்கிற இரும்புத் தண்டை இழுத்துக் கொக்கியை அடித்துவிடும். பட்டை நிதானம், காந்தம் அவசரம். இந்த இரண்டையும் ஒரு கைப்பிடிக்குள் அடக்கியவர் ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்து ஹ்யூகோ ஷ்டோட்ஸ், ஆண்டு 1924. அவருடைய முதல் கருவி எப்படி இருந்தது தெரியுமா? பழைய ஃபியூஸைக் கழற்றிவிட்டு அதே குழியில் திருகி வைக்கும்படி! பெட்டியை மாற்றாமலே பெட்டியை மாற்றச் சொல்லிக்கொடுத்த ஆள். நூறு வருஷம் கழித்து நாங்கள் இரண்டு நாள் சுவரை உடைத்தோம்.

உங்கள் எம்.சி.பி.யின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று அச்சிட்டிருக்கும். விலை இல்லை! ஷார்ட் ஆகி 6000 ஆம்பியர் பாய்ந்தாலும் நான் வெடிக்காமல் அறுத்துவிடுவேன் என்று அது தரும் வாக்கு. பக்கத்தில் 'பி 6', 'சி 16' என்று எழுத்தும் எண்ணும் இருக்கும். எண் ஆம்பியர், எழுத்து குணம். பி என்றால் மூன்று முதல் ஐந்து மடங்கில் காந்தம் பாயும், சி என்றால் ஐந்து முதல் பத்து மடங்கில். ஏ.சி., மோட்டார் எல்லாம் கிளம்பும் கணத்தில் மட்டும் பல மடங்கு மின்சாரத்தை விழுங்கும். அதற்குப் பி வைத்தால் ஒவ்வொரு தடவை தண்ணீர் மோட்டார் போடும்போதும் வீடு இருட்டாகும். எங்கள் மோட்டாருக்கு ஒயர்மேன் சி வைத்தார், விளக்குகளுக்குப் பி. கடையில் எல்லாவற்றுக்கும் சி-யைத்தான் நீட்டினார்கள் என்பது வேறு கதை.

6000 ஆம்பியரை அறுப்பது எப்படி? தொடுமுனைகள் பிரிந்தவுடன் மின்சாரம் நின்றுவிடாது, இடைவெளியில் நெருப்பு வில்லாகப் பாயும். பல ஆயிரம் டிகிரி சூடு! எம்.சி.பி. அந்த நெருப்பை ஊதித் தள்ளி, சீப்புப் பல் மாதிரி அடுக்கிய இரும்புத் தகடுகளுக்குள் ஓட்டிவிடுகிறது. ஒரு பெரிய நெருப்பு பத்துப் பன்னிரண்டு சின்ன நெருப்புகளாக உடைகிறது. ஒவ்வொன்றையும் காப்பாற்ற இருபது முப்பது வோல்ட் வேண்டும். எல்லாவற்றுக்கும் கொடுக்க 230 வோல்ட் வீட்டில் வோல்ட்டேஜ் போதாது, பட்டினியால் நெருப்பு செத்துவிடும். நம் மின்சாரம் நொடிக்கு நூறு தடவை தானாகவே பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதும் சேர்ந்துகொள்கிறது. மொத்தக் காரியமும் நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். நீங்கள் ஒரு தடவை கண் இமைப்பதற்குள் இந்த வேலையைப் பத்து தடவை செய்து முடிக்கலாம்! மாடியில் சோலார் வைத்திருப்பவர்கள் இங்கே கவனியுங்கள். பேனலிலிருந்து வருவது நேர் மின்சாரம், அது பூஜ்யத்தைத் தொடவே தொடாது. சாதாரண எம்.சி.பி.யை அங்கே வைத்தால் நெருப்பு அணையாமல் நின்று எரியும். அதற்கென்று டி.சி. எம்.சி.பி. தனியாக இருக்கிறது.

'அடிக்கடி விழுகிறது' என்று எம்.சி.பி.யின் நாக்கை மேலே தூக்கி டேப் சுற்றிக் கட்டிவிடும் ஆட்களும் உண்டு. கொண்டை ஊசி வம்சத்தின் வாரிசுகள். பலிக்காது! நாக்கை நீங்கள் கையால் அழுத்திப் பிடித்திருந்தாலும் உள்ளே கொக்கி விட்டுவிடும், தொடுமுனை பிரிந்துவிடும். நாக்கு மேலே, மின்சாரம் இல்லை. ஏமாற்ற முடியாத முதல் ஃபியூஸ் இது என்பேன்.

இவ்வளவு சொன்னேனே, இப்போது இடியைப் போடுகிறேன். இந்த எம்.சி.பி. உங்கள் உயிரைக் காப்பாற்றாது, தெரியுமா?

பீங்கான் கட்டையும் காப்பாற்றாது, எம்.சி.பி.யும் காப்பாற்றாது. அவை இரண்டும் காப்பது ஒயரை. ஒரு சின்னக் கணக்கு. ஒரு 60 வாட் குண்டு பல்பு இழுப்பது 260 மில்லியாம்பியர். மனித இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஆபத்து, மின்சாரம் நீடித்தால், 30 மில்லியாம்பியருக்கு மேலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு பல்பு குடிப்பதில் ஒன்பதில் ஒரு பங்கு! 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் கண்ணுக்கு, ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டிருக்கும் மனிதன் இன்னொரு விளக்கு, அவ்வளவுதான். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சார்ல்ஸ் டால்ஸீல் என்ற பேராசிரியர் முன்வந்த ஆட்களை வைத்தே அளந்தார். பிடித்த கம்பியைத் தானாக விட முடிகிற எல்லை, ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லியாம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேலே போனால் கை சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். 'கரண்ட் பிடித்து இழுத்தது' என்று ஊரில் சொல்கிறோமே, இழுத்தது நம் கைத் தசையேதான்.

அப்படியானால் ஆளைக் காப்பது எது? பெட்டியில் எம்.சி.பி.க்குப் பக்கத்தில் இரண்டு மடங்கு அகலத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்.சி.சி.பி. அதற்குள் மோதிரத்துக்கும் குழந்தை வளையலுக்கும் இடைப்பட்ட ஒரு வளையம். பேஸும் நியூட்ரலும் சேர்ந்து அந்த வளையத்துக்குள் நுழைந்து போகின்றன. போனது 16 ஆம்பியர் என்றால் திரும்பி வருவதும் 16 ஆக இருக்க வேண்டும், இரண்டும் உண்டாக்கும் காந்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், வளையம் தூங்கும். யாராவது பேஸைத் தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கொஞ்சம் தரைக்குப் போய்விட்டால்? வரவும் செலவும் இடிக்கும். வளையம் விழித்துக்கொள்ளும். எவ்வளவு இடித்தால்? 30 மில்லியாம்பியர். 16 ஆம்பியரில் அது நூறு ரூபாய்க் கணக்கில் 19 காசு காணாமல் போனதைக் கண்டுபிடிப்பது மாதிரி! எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் வராத கண். அடி பலமாக இருந்தால் நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் மின்சாரத்தை அறுத்துவிட வேண்டும் என்பது விதி. ஷாக் அடிக்கும், உதறும், ஆனால் பிடித்துவைத்துக் கொல்வதற்கு அதற்கு அவகாசம் இருக்காது.

தங்கச் சுரங்கம் எங்கே என்கிறீர்களா? இங்கேதான். 1955இல் தென்னாப்பிரிக்காவின் ஜொகன்னஸ்பர்க்கில் ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் தங்கச் சுரங்கங்களுக்காக இப்படி ஒரு காவலாளியைச் செய்தார். முதல் கருவி 250 மில்லியாம்பியர் கசிந்தால் விழித்தது. அடுத்த ஆண்டிலேயே அதை இருபதுக்கும் கீழே இறக்கிவிட்டார்! சில வருஷத்தில் ஸ்டில்ஃபோன்டீன் என்ற சுரங்க ஊரின் வீடுகளுக்கு அது வந்து சேர்ந்தது. மேலே சொன்ன டால்ஸீலும் 1961இல் அமெரிக்காவுக்கு ஒன்று செய்தார், அது இன்னும் கூர்மை. அந்த நாட்டில் 5 மில்லியாம்பியருக்கே விழுந்துவிடும்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? பெட்டி மாட்டி முடித்து, எல்லாம் எரிகிறது, ஒயர்மேன் கை கழுவிக் காபி குடித்துக்கொண்டிருந்தார். மாலை ஆறு மணி. அம்மா வழக்கம்போல் கொல்லைப்புற விளக்கைப் போட்டாள். 'டக்'. வீடு இருட்டு. தூக்கிவிட்டார். மறுபடியும் அந்த சுவிட்ச், மறுபடியும் 'டக்'. "இந்த சனியன் வந்த நாளிலயே ஆரம்பிச்சிடுச்சு" என்றாள் அம்மா. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "அந்த ஆர்.சி.சி.பி.யை எடுத்து ஓரமா வச்சிடுங்க சார், எங்க வீட்ல அப்படித்தான் செஞ்சோம்" என்று ஆலோசனை சொன்னார்.

ஒயர்மேன் டெஸ்டரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். கால் மணியில் திரும்பி வந்தார். "சார், இந்த விளக்குக்கு நியூட்ரலே இல்ல. யாரோ எர்த்துல சேர்த்து எரிய விட்டிருக்காங்க." என்றைக்கோ நியூட்ரல் அறுந்தபோது யாரோ ஒருவர் குறுக்குவழியில் முடித்துவிட்டுப் போயிருக்கிறார். 40 வாட் பல்பு, 174 மில்லியாம்பியர், ஒவ்வொரு சாயங்காலமும் நேராக மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பீங்கான் கட்டைக்கு அது தூசு. ஆர்.சி.சி.பி.க்கு ஆறு மடங்கு குற்றம். "இதுல என்னண்ணே ஆபத்து? எரியத்தானே செஞ்சுது?" என்று கேட்டேன். "அந்த எர்த் கம்பி குழிக்குப் போற வழியில அறுந்திருந்தா, விளக்கு வழியா வர்ற பேஸ் எங்க சார் போகும்? அதே எர்த்துல இருக்கிற கீசர் உடம்புக்கு வரும்" என்றார். காபி ஆறிப்போனது.

இந்த ஒரு இடத்தில் மட்டும் என் அபிப்பிராயத்தை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். புதுப் பெட்டி வைத்தவுடன் விழுந்துகொண்டே இருந்தால் பெட்டியில் கோளாறு என்று நினைக்காதீர்கள். பழைய பெட்டி பார்க்காமல் விட்டதை அது பார்க்கிறது. அதைக் கழற்றி ஓரமாக வைக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

எர்த் குழி என்றதும் இன்னொன்று. அதற்குள் என்ன போடுவார்கள் தெரியுமா? உப்பும் கரியும்! இரும்புக் குழாயைச் சுற்றி ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு. கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும், உப்பு அந்த ஈரத்தில் மின்சாரம் ஓட வழி செய்யும். அதனால்தான் கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வது. செடிக்கு ஊற்றுகிற கையோடு அதற்கும் ஒரு குடம்.

பெட்டி புதுசு, சுவருக்குள் இருக்கும் ஒயர்? மரச்சட்டத்தில் ஆணியடித்துப் போன மிகப் பழைய ஒயர்களின் உறை ரப்பர், அதற்கு மேலே நூல் பின்னல். அந்த ரப்பரின் பெயர் 'இந்தியா ரப்பர்'! மரம் தென் அமெரிக்கா, பெயர் மட்டும் நம்முடையது. வயதானால் அந்த ரப்பர் அப்பளம் மாதிரி நொறுங்கும். எழுபதுகளில் கட்டிய பல வீடுகளில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி. திருகுக்கு அடியில் அது மெல்ல மெல்ல நசுங்கித் தளர்ந்துவிடும், தளர்ந்த இடம் சூடாகும், பொறி பறக்கும். அந்தச் சூட்டை ஃபியூஸும் பார்க்காது, எம்.சி.பி.யும் பார்க்காது, ஆர்.சி.சி.பி.யும் பார்க்காது. மின்சாரத்தின் அளவு மாறவில்லையே! அப்படிப் பொறி பறப்பதை மட்டும் கண்டுபிடிக்கும் நான்காவது காவலாளி ஒன்று வந்துவிட்டது. அமெரிக்காவில் 2002 முதல் புது வீட்டுப் படுக்கையறைகளுக்கு அதை விதியாக்கினார்கள். நம் ஊரில் இப்போதைக்கு ஒயர்மேனின் ஸ்க்ரூ டிரைவர்தான் அந்தக் காவலாளி.

பெட்டியின் கதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது. ஒரு காலத்தில் கனத்த இரும்பு மெயின் பெட்டி. பிறகு நாகரிகம் என்று பிளாஸ்டிக். உள்ளே திருகு தளர்ந்து சூடேறிப் பிளாஸ்டிக்கே பற்றி எரிந்ததைப் பார்த்து, 2016 ஜனவரி முதல் பிரிட்டனில் வீட்டுப் பெட்டி எரியாத பொருளில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். மறுபடியும் தகரம்! அங்கே பழைய பெட்டியைக் கழற்றுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை, சிலவற்றின் ஃபியூஸ் கட்டைகளுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் பட்டை இருக்கும். ஊதித் துடைக்கவே கூடாது.

அப்புறம், ஃபியூஸ் ஒழிந்துவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். மீட்டருக்கு முன்னால் ஈ.பி. கட்அவுட்டில் அது இன்னும் இருக்கிறது, அதைத் தொட நமக்கு உரிமை இல்லை, பெட்டி மாற்றும் அன்று அதை உருவுவதும் அவர்கள் வேலை. பெரிய அடுக்குமாடிகளின் பேனலில் இருக்கும் ஃபியூஸுக்குள்ளே நிரப்பியிருப்பது என்ன தெரியுமா? மணல்! கம்பி உருகும்போது எழும் நெருப்பை மணல் விழுங்கி, அதுவே உருகிக் கண்ணாடிக் குழாயாக உறைந்துவிடும். கடற்கரை மணலில் இடி விழுந்தால் உண்டாகிறதே ஒரு கண்ணாடிக் குச்சி, அதே பொருள். பிரெகே இடிக்குப் பயந்து தொடங்கியது, இடியையே ஒரு குப்பிக்குள் அடைத்து வைப்பதில் வந்து நிற்கிறது.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய ஒரு பொத்தான் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது வேண்டுமென்றே கொஞ்சம் மின்சாரத்தை வளையத்துக்கு வெளியே கசிய விடும். உடனே 'டக்' என்று விழுந்தால் காவலாளி விழித்திருக்கிறான். விழாவிட்டால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

போன வாரம் நான் அதை அழுத்தினேன், யாரிடமும் சொல்லாமல், ராத்திரி எட்டு மணிக்கு. வீடு இருட்டானது. "எதிர் வீட்ல இருக்கா பாரு" என்றாள் அம்மா. இரண்டு நொடியில் நாக்கைத் தூக்கிவிட்டேன், வெளிச்சம் வந்தது. கூடத்துக்குத் திரும்பினால், அப்பா முருகன் படத்தின் அடியில் நிற்கிறார். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் அந்த அட்டை.